கழுவிக் காயவைத்த தட்டுகள்

நான் என் அண்ணனோடு ஒரு வருடம் பேசாமல் இருந்தேன். அதற்குக் காரணமான பொருள் குண்டூசித் தலை அளவுதான் இருந்தது. ஆரஞ்சு நிறம், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் லேசாக மினுங்கும். அது ஒரு பாக்டீரியாக் கூட்டம். ஒரு கடற்பஞ்சின் உடம்புக்குள்ளிருந்து நான் பிரித்தெடுத்து வளர்த்தது. எனக்கு முன்னால் அதை யாரும் வளர்த்ததாகப் பதிவில்லை. இன்னும் பேர் வைக்கப்படாத உயிர். இதைச் சொன்னால் எங்கள் ஊரில் அடுத்த மூச்சிலேயே கேட்பார்கள், அதனால் என்னங்க பிரயோஜனம் என்று. அப்படிக் கேட்பவர்கள் மீதும் எனக்குக் கோபம் இருக்கிறது. முதலில் அண்ணனிடம் வருகிறேன், மற்றவர்கள் வரிசையில் நிற்கட்டும்.

திருப்பூருக்கு வெளியே ஒரு தனியார் கல்லூரியில் நுண்ணுயிரியல் சொல்லிக்கொடுக்கிறேன். கூடவே பகுதி நேரமாக ஆராய்ச்சிப் பட்டத்துக்கும் பதிவு செய்திருந்தேன். தலைப்பு, கடற்பஞ்சுகளில் வாழும் பாக்டீரியாக்கள். சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணங்களில் இதைச் சொன்னால் போதும், பந்தி முழுக்க எனக்குப் புத்தி சொல்லும். "ஏனுங்கம்மிணி, நம்மூர்ல இல்லாத கிருமியா? அதைத் தேடிக் கடலோரம் மண்டபம் வரைக்கும் போகோணுமா?" என்று ஒரு பெரியப்பா கேட்டார். அவருடைய பனியன் கம்பெனிக்குப் பஞ்சு குஜராத்திலிருந்து வருகிறது. தைக்கிற கை பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வருகிறது. தைத்ததைப் போட்டுக்கொள்கிறவன் ஐரோப்பாவில் இருக்கிறான். அதெல்லாம் அவருக்கு தூரமாகத் தெரியவில்லை. என் கடற்பஞ்சு மட்டும் எங்கள் ஊர் வீரபாண்டியிலேயே விளைய வேண்டும். நான் பாயசத்தைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன்.

கடற்பஞ்சு என்றால் பாத்திரம் தேய்க்கிற பஞ்சை நினைத்துக்கொள்கிறார்கள். அது ஒரு விலங்கு. வாய் இல்லை, வயிறு இல்லை, ஒட்டிய பாறையை விட்டு நகராது. உடம்பெல்லாம் பொடித் துளைகள். அவற்றின் வழியாக நாள் பூராவும் கடல் தண்ணீரை இழுத்து வடிகட்டிக்கொண்டே இருக்கும். அந்த உடம்புக்குள் பாக்டீரியாக்கள் நெருக்கியடித்துக் குடியிருக்கின்றன. சில கடற்பஞ்சுகளைப் பிழிந்தால் கடற்பஞ்சைவிட குடித்தனக்காரர்கள்தான் அதிகமோ என்று தோன்றும். அவற்றில் பெரும்பாலானவற்றை இன்றுவரை யாராலும் தட்டில் வளர்க்க முடியவில்லை. இருக்கின்றன என்று தெரியும், யார் என்று தெரியாது.

என் வழிகாட்டி கடலோரப் பல்கலைக்கழகம் ஒன்றின் பேராசிரியை. அவரிடம் உரிய அனுமதி இருந்தது. வலையில் சிக்கி, மீனவர்கள் உதறிப் போடுகிற கழிவிலிருந்து கடற்பஞ்சை எடுத்துக்கொள்ளலாம். முதல் தடவை நான் எடுத்தது கைப்பிடி அளவில் பழுப்பாக ஒன்று. ஐஸ் பெட்டியில் வைத்து, மதுரை வந்து, தாராபுரம் வழியாக பஸ்ஸில் கொண்டுவந்தேன். அவிநாசிபாளையம் தாண்டுவதற்குள் என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தவர்கள் இரண்டு தடவை மாறிவிட்டார்கள். அந்த வாசனை அப்படி.

கல்லூரி ஆய்வுக்கூடத்தில் அதை அறுத்து, கிருமி நீக்கிய கடல் தண்ணீரில் அலசி, அரைத்து, நீர்க்கச் செய்து, கடல் தண்ணீர் கலந்த அகார் கூழ்த் தட்டுகளில் தடவினேன். இரண்டே நாளில் தட்டு நிறைய வளர்ந்து நிற்பவை எல்லாம் எங்கேயும் கிடைக்கிற ரகம். தீனியைக் கண்டதும் பாய்கிறவை. அதைப் பார்த்து ஏமாறக் கூடாது. தீனியை மிகவும் குறைத்து, பட்டினிக்குப் பக்கத்தில் வைத்து, வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பெரிய கூட்டம் சோர்ந்து ஒதுங்கினால்தான் கூச்சமுள்ளது வெளியே வரும். ஏழெட்டு வாரம் போயிருக்கும். தூக்கி எறியலாம் என்று எடுத்த ஒரு தட்டின் ஓரத்தில் அந்த ஆரஞ்சுப் புள்ளி இருந்தது.

அதைத் தனியாகப் பிரிக்கவே மாதங்கள் ஆகின. பிறகு மரபணுவைப் படிக்கக் கொடுத்தோம். ஏற்கெனவே பேர் உள்ளவற்றோடு ஒப்பிட்டுப் பார்த்தால், இதற்கு மிக நெருங்கிய சொந்தமே மிகவும் தள்ளி நின்றது. வழிகாட்டி போனில் பேசினார். "புதுசு மாதிரிதான் தெரியுதும்மா. ஆனா ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோ. இது உயிரோட இருக்கணும்."

அந்த ஒரு வரிதான் இந்தக் கதை முழுக்கவும். ஒரு பாக்டீரியாவுக்கு முறைப்படி பேர் வைக்க வேண்டுமென்றால், அதை உயிரோடு இரண்டு நாடுகளில் இருக்கிற சேமிப்பகங்களுக்குக் கொடுக்க வேண்டும். அவர்கள் தங்கள் கையால் வளர்த்துப் பார்த்து, ஆமாம், வளர்கிறது என்று சொல்ல வேண்டும். போட்டோ செல்லாது. மரபணு எழுத்துகள் மட்டும் செல்லாது. செத்ததுக்குப் பேர் கிடையாது. என் ஆரஞ்சுப் புள்ளியைக் குளிரில் உறைய வைத்துப் பார்த்தேன், திரும்ப எழவில்லை. ஆகவே அதை மறுபடி மறுபடி புதுத் தட்டுக்கு மாற்றி, ஒரே அளவு சூட்டில், ஒரு நாள்கூடத் தவறாமல் காப்பாற்றுவது ஒன்றுதான் வழி.

வழிகாட்டியின் ஆய்வுக்கூடம் தினமும் போய்ப் பார்க்கிற தூரமில்லை, எங்கள் கல்லூரியோ இதற்கு லாயக்கில்லை; அதுவரை அங்கே அது பிழைத்திருந்ததே அதிர்ஷ்டம். கடைசி பெல் அடித்ததும் வாட்ச்மேன் போய் மெயினை இறக்கிவிடுவார். நிர்வாகத்தின் உத்தரவு. நுண்ணுயிரியல் துறை நடத்துகிற கல்லூரியில் சாயங்காலம் ஆனால் நுண்ணுயிருக்குக் கரண்ட் கிடையாது. செயலாளரிடம் போய்ச் சொன்னேன். "மேடம், பேன் போடறதுக்கு மனுசங்களே இல்லாத நேரத்துல, பாக்டீரியாவுக்குன்னு போட்டு வெக்க முடியுங்களா?" என்றார். அவருக்கு அது நகைச்சுவை. பக்கத்தில் இருந்த கணக்கரும் சிரித்தார்.

அதனால் அண்ணனிடம் போனேன். வீரபாண்டியில் சாயப்பட்டறை வைத்திருக்கிறார் அண்ணன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அப்பா போன பிறகு அந்த இடத்தில் நின்றவர். தைப்பூசத்துக்குத் தவறாமல் பழனிக்கு நடப்பார். சாயத் தண்ணீரைச் சுத்தம் செய்கிற பிளாண்ட் உள்ள எல்லாப் பட்டறையிலும் ஒரு சின்ன டெஸ்டிங் லேப் இருக்கும். அங்கே ஃபிரிட்ஜ் போல ஒரு பெட்டி நிற்கும். தண்ணீர் எவ்வளவு சுத்தமாகியிருக்கிறது என்று பார்க்க, மாதிரியை ஒரே சூட்டில் நாள்கணக்கில் வைக்கிற பெட்டி. பி.ஓ.டி. பெட்டி என்பார்கள். அண்ணன் லேப்பில் அப்படி இரண்டு இருந்தன. "பழைய பெட்டி சும்மாதான் கெடக்குது. எடுத்துக்கோ அம்மிணி. கரண்டு போனா நம்ம ஜெனரேட்டர் இருக்குது, கவலையே படாதே" என்றார். கதவில் 'யாரும் திறக்க வேண்டாம்' என்று எழுதி ஒட்டினேன். அண்ணன் அதைப் படித்துவிட்டு, எழுத்து நல்லாயிருக்குது என்றார்.

தட்டை ஒரு நாள் அவரிடம் காட்டினேன். மூடிக்கு மேலே கண்ணை ஒட்ட வைத்துப் பார்த்தார். "இந்த ஆரஞ்சுல சாயம் எடுக்கலாமா? வெளிநாட்டு பையர் நேச்சுரல் டை கேட்டுட்டே இருக்கறான்" என்றார். நான் முறைத்தேன். "சரி சரி, கேட்டா தப்பா" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார். அன்றைக்கு எனக்கு அந்தச் சிரிப்பு பிடித்திருந்தது. பிற்பாடு நினைத்து நினைத்து அதன் மீதும் கோபப்பட்டேன்.

பாக்டீரியா என்றால் என்னவென்று தெரியாத மனிதராக இருந்தால் மன்னித்துவிட்டுப் போயிருப்பேன். எங்கள் ஊர்ச் சாயப்பட்டறைக்காரர்களுக்கு அது தெரியாமல் இருக்காது. சாயத் தண்ணீரைச் சுத்தம் செய்கிற பெரிய டேங்கில் வேலை பார்ப்பதே பாக்டீரியாதான். அதற்குச் சாணி கரைத்து ஊற்றுவார்கள், வெல்லம் போடுவார்கள், யூரியா வைப்பார்கள். மூச்சு விட ராப்பகலாக ப்ளோவர் ஓட்டி டேங்குக்குள் காற்றடிப்பார்கள். மூன்று வருடங்களுக்கு முன் யாரோ தவறுதலாக பிளீச்சிங் தண்ணீரை அந்தப் பக்கம் திறந்துவிட்டார்கள். டேங்கில் நுரை மாறிப்போய், நாற்றம் கிளம்பியது. "டேங்க் செத்துப்போச்சு" என்று போன் வந்தபோது அண்ணன் வீட்டில் சாப்பிட உட்கார்ந்திருந்தார். இலையை அப்படியே விட்டு எழுந்தார். முதலிபாளையத்தில் இருக்கிற நண்பரின் டேங்கிலிருந்து டிரம் டிரம்மாகச் சேறு வாங்கி டெம்போவில் கொண்டுவந்து ஊற்றினார். மாடு கன்று போடும்போது நிற்பது போல டேங்க் ஓரத்திலேயே நின்றார். மறுபடி நுரை சரியான பிறகுதான் வீட்டுக்கு வந்து குளித்தார். "பொழச்சுக்கிச்சுங்க, அத்தனையும் பொழச்சுக்கிச்சு" என்று எல்லோருக்கும் போன் போட்டுச் சொன்னார். அதை நான் பக்கத்தில் இருந்து கேட்டேன்.

ஆயுத பூஜை வந்தது. வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது என்பதால் சொல்கிறேன். திருப்பூரில் தீபாவளிக்குச் சமமான நாள் அது. பட்டறை, நிட்டிங், செக்கிங் டேபிள், எல்லாம் ஓய்ந்துவிடும். ஓடுகிற மெஷின் அன்றைக்கு நிற்க வேண்டும். நிறுத்தி, உள்ளே இருப்பதையெல்லாம் எடுத்துக் காலிசெய்து, எண்ணெய்ப் பிசுக்குப் போகத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பூப்போட்டுக் கும்பிட வேண்டும். தராசுக்குப் பொட்டு, கத்திரிக்கோலுக்குப் பொட்டு, மோட்டார் பைக்குக்குப் பொட்டு. அன்று கத்திரிக்கோலால் ஒரு நூலைக்கூட வெட்ட மாட்டார்கள். ஒரு நாள் அதுவும் இளைப்பாறட்டும் என்பார்கள். எனக்கும் சின்ன வயதிலிருந்து பிடித்த நாள்தான் அது.

அந்த வாரம் நான் பல்கலைக்கழகத்துக்குப் போயிருந்தேன். இரண்டு சேமிப்பகங்களுக்கும் அனுப்ப வேண்டிய ஏற்பாடுகள் முடிந்திருந்தன. பூஜை விடுமுறை கழிந்ததும் அனுப்ப வேண்டியது. பெட்டிக்குள் புதுத் தட்டுகள் இருந்தன, டியூப்களில் சாய்வுக் கூழில் வளர்த்தவை இருந்தன, அனுப்புவதற்கென்றே இரண்டு கண்ணாடி ஃப்ளாஸ்க்கில் கடல் தண்ணீரில் வளர்ந்துகொண்டிருந்தது. என்னிடம் இருந்த மொத்தமும் அந்தப் பெட்டிக்குள்தான். பூஜை அன்று சாயங்காலம் பஸ் இறங்கி, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராகப் பட்டறைக்குப் போனேன்.

வாசலில் பூசணிக்காய் உடைத்த சிவப்பு இன்னும் காயவில்லை. வடக்கத்திப் பையன்கள் புதுச் சட்டையில் மெஷின்களுக்கு முன்னால் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். லேப்புக்குள் போனேன். ஊதுபத்தி மணந்தது. என் பெட்டியின் கதவு அகலத் திறந்து கிடந்தது. ஒயரைச் சுவரிலிருந்து பிடுங்கி அழகாகச் சுருட்டிக் கட்டியிருந்தார்கள். மேலே செவ்வந்திச் சரம். நெற்றி மாதிரி நடுவில் மூன்று விரலால் இழுத்த சந்தனம், அதன்மேல் குங்குமம். 'யாரும் திறக்க வேண்டாம்' என்கிற காகிதத்தைக் கிழியாமல் பிரித்தெடுத்து, கதவைத் துடைத்துவிட்டு, புது டேப் போட்டுத் திரும்ப ஒட்டி, கல்யாணப் பத்திரிகைக்கு வைப்பது போல நாலு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தார்கள். ஜன்னல் மேடையில் என் தட்டுகளும் டியூப்களும் இருந்தன. சோப்பு ஆயில் போட்டுக் கழுவி, அடித்தட்டு ஒரு அடுக்கு, மூடி ஒரு அடுக்கு என்று கவிழ்த்து வெயிலில் காயவைத்திருந்தார்கள். ஒரு தடவை பயன்படுத்தித் தூக்கிப்போடுகிற பிளாஸ்டிக் தட்டுகள் அவை. டிபன் தட்டு மாதிரிப் பளபளவென்று இருந்தன.

அண்ணன் பொரிப் பொட்டலத்தோடு உள்ளே வந்தார். பட்டு வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு. முகத்தில் அத்தனை சந்தோஷம்.

"வந்துட்டியா அம்மிணி. உம்பட பெட்டிக்கும் பூசை போட்டாச்சு."

"தட்டுலயும் டியூப்லயும் இருந்ததெல்லாம் எங்கீங்ணா?"

"பூசணம் புடிச்ச மாதிரி புள்ளி புள்ளியாக் கெடந்துதே. அழுக்கோட சாமிக்கு முன்னால வெக்கக் கூடாதல்ல. பசங்க கையில குடுத்தா ஒடச்சுப்போடுவாங்கன்னு நானே கழுவுனேன்."

"ஃப்ளாஸ்க்ல இருந்தது?"

"அது தண்ணியாத்தான இருந்துது. பாக்டீரியான்னு நீதான சொல்லியிருக்கறே. சாக்கடையில கொட்ட மனசு வரல. நம்ம டேங்குலயே ஊத்திப்போட்டேன். அங்க சோறு தண்ணியெல்லாம் இருக்குது. நல்லா வளரும்."

எனக்குக் கத்தத் தோன்றவில்லை, காதுதான் எதையோ தேடியது. பட்டறையில் எல்லா மெஷினும் நின்றிருந்தும் எங்கோ ஒரு சத்தம் வந்துகொண்டே இருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். டேங்க் பக்கத்தில் ப்ளோவர் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கும் மாலை, அதற்கும் பொட்டு. ஓட ஓடவே வைத்திருக்கிறார்கள்.

"ப்ளோவர் ஓடுதேங்ணா" என்றேன்.

"அதை எப்படி நிறுத்தறது? காத்து இல்லீன்னா டேங்குல பாக்டீரியா செத்துப்போகுமல்ல."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. பொரிப் பொட்டலத்தை நீட்டிய கை அப்படியே நின்றது.

அப்புறம் நான் பேசியதையெல்லாம் இங்கே எழுத முடியாது. ஓனர் என்பதால் 'யாரும்' என்பதில் நீங்கள் சேர மாட்டீர்களா என்று கேட்டது ஞாபகம் இருக்கிறது. உங்களுக்குச் சம்பாதித்துக் கொடுத்தால் அது பாக்டீரியா, நான் வளர்த்தால் அது பூசணமா என்று கேட்டேன். பொட்டலத்தைத் தட்டிவிட்டேன். லேப் தரை முழுக்கப் பொரி. சாமிக்குப் படைத்த பொரியை மிதித்துக்கொண்டுதான் வெளியே வந்தேன். செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்த பையன்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

அவர் என்மேல் பிரியமில்லாமல் செய்திருந்தால் எவ்வளவோ தேவலாம். எதிரி செய்த வேலை என்றால் ஊரைக் கூட்டி நியாயம் கேட்கலாம். தன் கையால் தேய்த்துக் கழுவி, பூப்போட்டு, தங்கச்சி பெட்டிக்கும் சாமி அருள் கிடைக்கட்டும் என்று நின்று கும்பிட்டவரை என்ன செய்வது? சொந்தக்காரர்கள் எல்லோரும் அவர் பக்கம்தான். "மனசறிஞ்சா பண்ணாரு?" என்றார்கள். கல்லூரியில், ஒரு பாக்டீரியாதானே மேடம், கை கழுவினால் லட்சக்கணக்கில் போகுதே என்றார் ஒருவர். இயற்பியல் ஆசிரியர் அவர். அவர் வகுப்புப் பையன்களை நினைத்துப் பாவமாக இருந்தது.

ஊற்றியது டேங்கில்தானே, அங்கிருந்தே எடுத்துவிடலாம் என்று நப்பாசை. சாயத் தண்ணீரில் உப்பு உண்டு, ஒருவேளை தாங்கியிருக்கும். வாரா வாரம் பாட்டிலோடு போய் டேங்கில் மொண்டு வருவேன். அண்ணன் ஆபீஸ் வாசலில் நின்று பார்ப்பார். நான் அந்தப் பக்கம் திரும்ப மாட்டேன். அந்தத் தண்ணீரைத் தட்டில் தடவினால் ஒரே ராத்திரியில் தட்டு முழுக்க அடைத்துக்கொள்ளும். வெல்லமும் சாணியும் தின்று கொழுத்த கூட்டம் அது. பட்டினியில் வளர்ந்த என்னுடையது அங்கே ஒரு பொழுதாவது தாக்குப்பிடித்திருக்குமா என்பதே சந்தேகம். சில மாதங்களில் நானே பாட்டிலைத் தூக்கிப் பரணில் போட்டேன்.

அதன் மரபணு எழுத்துகள் மட்டும் கணினியில் இருக்கின்றன. உலகத்தில் யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். பேர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு எண் இருக்கிறது. அது நான் வைத்த எண்.

வழிகாட்டி திட்டவில்லை. "திரும்ப எடுத்துட்டு வா. கடல் அங்கேயேதான் இருக்கு" என்றார். பொங்கலுக்கு முன் போனேன். அதே மாதிரி பழுப்புக் கடற்பஞ்சு கிடைத்தது. கல்லூரியில் வைத்தேன், வேறு எங்கே வைப்பது? வாட்ச்மேனிடம் கெஞ்சி, தட்டுகள் வைத்த பெட்டிக்கு மட்டும் தனி ஒயர் இழுத்திருந்தேன். பொங்கல் விடுமுறையில் நிர்வாகத்திலிருந்து யாரோ ஒருவர் சோதனைக்கு வந்து, இது என்ன ஒயர் என்று கேட்கவும் கழற்றிவிட்டார்கள். திரும்பி வந்து பார்த்தபோது கூழெல்லாம் காய்ந்து அப்பளமாகியிருந்தது. இந்தத் தடவை எனக்குக் கத்தக்கூடத் தெம்பில்லை. ராஜினாமாக் கடிதம் எழுதினேன், மறுநாள் வகுப்பு இருந்தது, கிழித்துப்போட்டுவிட்டு வகுப்புக்குப் போனேன்.

மூன்றாவது தடவை போனது அடுத்த ஆயுத பூஜைக்கு முந்தின வாரம். கடற்பஞ்சைப் பஸ்ஸில் அலைக்கழிக்க வேண்டாமென்று வழிகாட்டியின் ஆய்வுக்கூடத்திலேயே அறுத்து, அரைத்து, தட்டுகளில் தடவி, ஐஸ் பெட்டியில் அடுக்கிக் கொண்டுவந்தேன். பூஜை அன்று விடிகாலையில் வந்திறங்கி ஆட்டோ பிடித்துக் கல்லூரிக்குப் போனால் கேட் பூட்டியிருந்தது. கேட்டுக்கும் பூட்டுக்கும் சந்தனம் வைத்திருந்தார்கள். "சேந்தாப்புல லீவுங்க மேடம். மெயினை எறக்கி சீல் வெச்சாச்சு, விஜயதசமி கழிஞ்சு வாங்க" என்றார் வாட்ச்மேன். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மடியில் தட்டுப் பெட்டியோடு கேட்டுக்கு வெளியே கல்லில் உட்கார்ந்தேன். இந்த ஊரில் இத்தனை கம்பெனி, இத்தனை ஜெனரேட்டர், இத்தனை ஏசி. உள்ளங்கை அகலத் தட்டுகளை ஒரே சூட்டில் வைக்க எனக்கு இடமில்லை. யோசித்துப் பார்த்தால் இருந்தது ஒரே ஒரு இடம்தான். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

வீரபாண்டிக்குப் போனேன். போன் செய்யவில்லை. பட்டறையில் மெஷின்கள் நின்றிருந்தன, எல்லாவற்றுக்கும் பூவும் பொட்டும். ப்ளோவர் ஓடிக்கொண்டிருந்தது. லேப்புக்குள் நுழைந்ததும் இன்னொரு சத்தம், மெல்லிய உறுமல். என் பழைய பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. சுவரில் சுவிட்சின் மேல் யாரும் அமுக்க முடியாதபடி டேப்பைச் சுற்றிச் சுற்றி ஒட்டியிருந்தது. கதவைத் திறந்தேன். உள்ளே விளக்கு எரிந்தது. தட்டுகள் வைக்கிற கம்பி அடுக்குகள் காலியாக இருந்தன.

பின்னால் அண்ணன் வந்து நின்றார். கையில் சந்தனக் கிண்ணம். கொஞ்சம் இளைத்திருந்தார்.

"இது எதுக்குங்ணா ஓடுது?" என்றேன். ஒரு வருடத்தில் அவரிடம் நான் பேசிய முதல் பேச்சு அது.

"அடுத்த நாளே போட்டு உட்டேன் அம்மிணி. அப்புறம் நிறுத்தல. ஜெனரேட்டர்லயும் கோத்து உட்டிருக்கறேன்."

"உள்ள ஒண்ணுமே இல்லீங்களே."

"தெரியும்."

"உசுரு இருந்தப்ப நிறுத்துனீங்க. ஒண்ணுமே இல்லாதப்ப ஓட்டறீங்க."

நான் ஐஸ் பெட்டியைத் திறந்து தட்டுகளை ஒவ்வொன்றாக உள்ளே அடுக்கினேன். அடுக்கி முடிக்கும்வரை அண்ணன் அங்கேயே நின்றார், கிட்டே வரவில்லை. கதவை மூடும்போதுதான் கவனித்தேன். லேப்பில் தராசுக்குப் பொட்டு இருந்தது. பக்கத்துப் பெட்டிக்கு, மேஜை விளக்குக்கு, தண்ணீர் கேனுக்குக்கூட இருந்தது. இந்தப் பெட்டி மட்டும் வெறும் நெற்றியாக இருந்தது.

"இதுக்கு மட்டும் ஏன் வெக்கலீங்க?"

"தொடறதுக்குப் பயமா இருக்குதம்மிணி" என்றார் அண்ணன்.

கிண்ணத்தை அவர் கையிலிருந்து வாங்கி நானே பொட்டு வைத்தேன் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். நான் வைக்கவில்லை. ஆரஞ்சுப் புள்ளி வருமா என்று தெரிய இன்னும் ஏழெட்டு வாரம் இருக்கிறது, வராமலே போகலாம். அந்தக் கோபத்தை அதற்குள் இறக்கிவைக்க எனக்கு மனசில்லை. சுவிட்சின் மேல் டேப் ஒரு ஓரம் பிரிந்திருந்தது. அதை அழுத்தி ஒட்டிவிட்டு, நாளைக்குக் காலையில் வருகிறேன் என்று மட்டும் சொன்னேன். "சரி அம்மிணி" என்றார்.